துண்டுக்கு அடியில் பேசிய விலை

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது இன்றுவரை எனக்குத் திட்டமாகத் தெரியாது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அச்சுக் கோர்ப்பவர் பார்த்துத் திருத்திக்கொள்வார் என்று என் மனைவி தைரியம் சொல்கிறாள். அவர் யாரோ தெரியாது. முதலில் அவர் என்னை மன்னிக்க வேண்டும். படிப்பவர்கள் அதற்குப் பிறகு மன்னித்தால் போதும்.

என் மனைவி ஒரு பெண்கள் கல்லூரியில் பொருளாதாரம் சொல்லித் தருகிறாள். முதல் வருடப் பிள்ளைகளுக்குச் சந்தை, விலை என்ற பாடம் வரும்போது வருடாவருடம் ஒரு கதை சொல்வாளாம். ஆட்டுத் தரகர் ஒருவர் ஈவினிங் காலேஜ் வகுப்புக்கு வந்து துண்டைப் போட்டு விலை பேசிய கதை. கடைசியில் பிள்ளைகள், "என்ன விலைக்கு மேடம் முடிஞ்சுது?" என்று கேட்பார்களாம். "அத அந்தத் தரகர்தான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு இவள் புத்தகத்தை மூடிவிடுவாளாம். அந்தத் தரகர் நான்தான். இந்த வருடம் பிள்ளைகள் விடவில்லை. எங்கள் கல்லூரி மலருக்கு உங்கள் வீட்டுக்காரரையே எழுதித் தரச் சொல்லுங்கள் என்று கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். வாயால் சொல்லச் சொல்லியிருந்தால் முடியாது என்றிருப்பேன். எழுதத்தானே சொன்னார்கள்.

நான் கூச்ச சுபாவம் உள்ளவன். நான்கு பேர் ஒன்றாக என்னைப் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இப்படிப்பட்டவன் தரகு வேலைக்கு எப்படிப் போனான் என்று கேட்கலாம். தரகு என்றால் வாயடிக்கும் வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆட்டுச் சந்தையில் அப்படி இல்லை. ஓசூர், ஆனேக்கல், கோலார் பக்கத்திலிருந்து ஆடு ஓட்டிக்கொண்டு வருபவர்கள் தெலுங்கும் கன்னடமும் பேசுவார்கள். வாங்க வரும் தண்டு, அதாவது கண்டோன்மென்ட் பக்கத்துக் கறிக்கடைக்காரர்கள் தக்கினி உருதுவில் பேசுவார்கள். எங்களுக்குத் தமிழ். இத்தனை பாஷைக்கும் பொதுவாக ஒரு துண்டு இருந்தது.

விற்பவரும் தரகரும் கையைக் கைக்குள் வைத்து மேலே துண்டைப் போட்டுக்கொள்வார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்தால் இரண்டு. கை முழுவதும் பிடித்தால் ஐந்து. விட்டுவிட்டு மறுபடி முழுக்கையையும் பிடித்தால் பத்து. வேண்டாம் என்றால் விரலை ஒதுக்கிவிட வேண்டும். சம்மதம் என்றால் உள்ளங்கையில் ஒரு தட்டு. அந்த நேரத்தில் இருவரும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு மழையைப் பற்றிக்கூடப் பேச வராது. சும்மா வானத்தைப் பார்ப்பேன்.

அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. துண்டுக்கு அடியில் தெரிந்துகொண்டதை வெளியில் சொல்லக் கூடாது. ஒரு ஆட்டுக்கு நான் கொடுத்த விலை பக்கத்தில் நிற்பவருக்குத் தெரிந்துவிட்டால், அவர் ஆடு நொண்டியாக இருந்தாலும் அதையே கேட்பார். பேசிக்கொண்டிருக்கும்போதே யாராவது விலையை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் பேச்சு முறிந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட வேண்டியதுதான்.

சுதந்திரம் வந்து மூன்றாவது வருடம் எங்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. அவள் மிஷன் ஹாஸ்டலில் வளர்ந்து எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சராக இருந்தாள். நான் அவளைப் பார்க்கப் போனபோது ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவள் எப்படி ஒப்புக்கொண்டாள் என்று வெகுநாள் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒருநாள் துணிந்து கேட்டுவிட்டேன்.

"பேசுற மாப்பிள்ளைங்க மூணு பேர பாத்தாச்சு. பேசாத ஒருத்தர பாக்கலாமேன்னு தோணுச்சு" என்றாள்.

பெங்களூர் நீலசந்திராவில் ஒற்றை அறை வீடு. கல்யாணமான புதிதில், சந்தையில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியாமல் துண்டை எடுத்து அவள் கைமேல் போட்டுக் காட்டினேன். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அன்று முதல் வீட்டிலும் அதுவே பழக்கமாகிவிட்டது. அடுப்படியிலிருந்து ஒரு கையை நீட்டி, "எத்தன தோசை?" என்பாள். நான் முந்தானைக்கு அடியில் கையை விட்டு மூன்று விரலைப் பிடிப்பேன். மாவு குறைவாக இருந்தால் ஒரு விரலை ஒதுக்கிவிடுவாள். எங்கள் வீட்டில் சண்டை இல்லாததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். விரலால் திட்ட முடியாது.

நயா பைசா வந்த வருடம் அவள் ஈவினிங் காலேஜில் பி.ஏ. சேர்ந்தாள். பொருளாதாரம் எடுத்தாள். பி.ஏ. இருந்தால் ஹைஸ்கூலுக்குப் போகலாம், அதற்கு மேலும் போகலாம் என்று அவளுக்கு ஓர் ஆசை. பகலில் பள்ளிக்கூடம், சாயங்காலம் காலேஜ். சந்தை எனக்கு மத்தியானத்தோடு முடிந்துவிடும். அதனால் சாயங்காலச் சமையலும் தண்ணீர் பிடிப்பதும் என் வேலை என்று நானே எடுத்துக்கொண்டேன். அதை நான் சொல்லவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை. அவள் முதல்நாள் வகுப்பு முடிந்து வந்தபோது குடம் நிறைந்திருந்தது, சோறு வெந்திருந்தது. அவ்வளவுதான்.

சாப்பிட்டுக்கொண்டே அன்றைய பாடத்தை எனக்குச் சொல்வாள். புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. "உங்களுக்குப் புரியற மாதிரி சொல்லிட்டேன்னா எனக்குப் புரிஞ்சிருச்சுன்னு அர்த்தம்" என்பாள். எனக்குப் பாதி புரியாது. புரியாதபோது தலையை ஆட்டக் கூடாது என்பது மட்டும் ஒப்பந்தம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சுட்ட தோசையை வைத்தே பாடம் நடந்தது.

"மொதல் தோசை எப்பிடி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"நாலாவது?"

"பரவால்ல."

"இப்ப அஞ்சாவது ஒண்ணு போடட்டுமா?"

"வேணாம்."

"பாருங்க, தோசை அதேதான். மாவு அதேதான். வேணும்ங்கறதுதான் கொறஞ்சுகிட்டே போவுது. இதத்தான் இங்கிலீஷ்ல ரெண்டு பக்கத்துக்கு எழுதி வெச்சிருக்கான்."

இன்னொரு நாள் சொன்னது என் மனதில் தங்கிவிட்டது. ஒரு பொருளின் விலை என்பது கொடுத்த காசு மட்டும் இல்லையாம். அதை எடுப்பதற்காக எதைக் கைவிட்டோமோ, அதுதான் அதன் உண்மையான விலையாம். நான் சாம்பாரைக் கிளறிக்கொண்டே யோசித்தேன். சந்தையில் ஒரு மந்தையை எடுத்தால் இன்னொரு மந்தையை விடத்தான் வேண்டும். விட்ட மந்தையைப் பற்றித்தான் ராத்திரியெல்லாம் நினைப்பு வரும். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்தப் பாடமே கொஞ்ச நாளில் எங்கள் வீட்டுக்குள் வந்து குட்டையைக் குழப்பும் என்று நினைக்கவில்லை.

குழப்பம் குழாயடியில் ஆரம்பித்தது. எங்கள் தெருக்குழாயில் சாயங்காலம்தான் தண்ணீர் வரும். வரிசையில் நிற்பது எல்லாம் பெண்கள். நடுவில் நான் ஒருவன் குடத்தை இடுப்பில் வைக்கவும் தெரியாமல், தோளில் வைக்கவும் தெரியாமல், முன்னால் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பேன். எதிர்வீட்டில் ஓர் அம்மாள் இருந்தார். பூ விற்பவர். குரல் தெருமுனை வரை கேட்கும்.

"இன்னா நைனா, இன்னிக்கும் நீதானா? அம்மா காலேஜா?"

"ஆமாங்க."

"அது பாடம் படிக்குது, நீ குடம் தூக்குற. நாளைக்கு அது பரீட்சைக்குப் போச்சுன்னா நீ போயி புள்ள பெத்துக்குவியா?"

எல்லோரும் சிரிப்பார்கள். பின்னாலிருந்து ஒரு குரல், "அவரு வாய தொறக்க மாட்டாருக்கா, தொறந்தா தண்ணி உள்ள போயிடும்" என்னும். மறுபடி சிரிப்பு. சிரித்து முடித்த பிறகு அந்தப் பூக்கார அம்மாவே என் குடத்தைத் தூக்கித் தோளில் வைத்துவிடுவார். முதல் வாரம் எனக்குக் காது சுட்டது உண்மைதான். பிறகு பழகிவிட்டது. ஒருநாள் அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் உடம்புக்கு என்னவோ என்று எனக்கு யோசனையாகிவிடும்.

இரண்டாவது வருடப் பாடம் தொடங்கியிருந்த சமயம். ஒருநாள் லெக்சரருக்குக் காய்ச்சல் என்று வகுப்பு இல்லாமல் அவள் சீக்கிரமே வந்துவிட்டாள். கையில் புத்தகங்களோடு வரிசைக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். எனக்குத் தெரியாது. அன்று பூக்கார அம்மாள் நல்ல உற்சாகத்தில் இருந்தார். பிள்ளை பெறுவது மட்டுமில்லை, பால் கொடுப்பது வரைக்கும் போய்விட்டார். திரும்பினால் என் மனைவி நிற்கிறாள். அவள் வந்து என் கையிலிருந்த குடத்தை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

"எத்தன நாளா இப்பிடி பேசுறாங்க?" என்று வீட்டுக்குள் வந்து கேட்டாள்.

"அது சும்மா."

"சும்மாவா? ஒரு வருஷமா நீங்க இதக் கேட்டுகிட்டு வந்து எனக்கு சோறு போட்டிருக்கீங்க. நான் உக்காந்து தோசைல பாடம் நடத்திகிட்டு இருந்திருக்கேன்."

நான் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என் படிப்புக்கு என்ன விலைன்னு ஃபீஸ மட்டும் பாத்துகிட்டு இருந்தேன். நான் எதையும் விடலீங்க. விட்டது நீங்க. உங்க சாயங்காலத்த விட்டிருக்கீங்க. மரியாதைய விட்டிருக்கீங்க. பொருள எனக்கு வெச்சுகிட்டு விலைய உங்க தலைல கட்டியிருக்கேன்."

எனக்குச் சொல்ல வேண்டியது இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் என் சாயங்காலம் எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. தெருமுனைக் கல்வெர்ட்டில் உட்கார்ந்து, பசி வரும்வரை பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தச் சாயங்காலத்தை யாருக்கு விற்றாலும் காலணா தரமாட்டார்கள். நான் கைவிட்டது அதைத்தான். அதை விட்டுவிட்டு இவள் சோற்றைப் பிசைந்துகொண்டு பாடம் சொல்வதைக் கேட்கிறேன். இதைவிட லாபமான வியாபாரம் சந்தையில் நான் பார்த்ததில்லை. இவ்வளவும் நெஞ்சில் இருந்தது. வாயில் ஒன்றும் வரவில்லை.

"சரி, இன்னும் எத்தன வருஷம் அந்தக் குழாயடில நிப்பீங்க? ஒரு கணக்கு சொல்லுங்க" என்றாள்.

கையை நீட்டியிருக்கலாம். ஆனால் அவள் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தாள்.

"சொல்ல முடியலல்ல? அப்ப நான் நின்னுக்கறேன். இந்த மாசத்தோட போதும்."

அதன் பிறகு சில நாட்கள் எங்கள் வீட்டில் தோசைக்குக்கூடக் கை நீளவில்லை. "எத்தன?" என்று வாயால் கேட்டாள். நான் "ரெண்டு" என்றேன். அந்த இரண்டும் எனக்கு இறங்கவில்லை.

அதற்கு முன்பே அவள் வகுப்பில், உங்களுக்குத் தெரிந்த ஒரு சந்தையைப் பற்றி எழுதுங்கள் என்று சொல்லியிருந்தார்களாம். மற்றவர்கள் எல்லாம் காய்கறி மார்க்கெட்டைப் பற்றி எழுத, இவள் துண்டைப் பற்றி எழுதியிருக்கிறாள். லெக்சரர் மைசூர்ப் பக்கத்துக்காரர். காய்ச்சலிலிருந்து எழுந்து வந்து அதைப் படித்தவர், உங்கள் வீட்டுக்காரரை ஒருநாள் அழைத்து வாருங்கள், வகுப்பில் செய்து காட்டட்டும் என்று சொல்லி அனுப்பினார்.

"நீங்க வர மாட்டீங்கன்னு சொன்னேன். ஒரே ஒரு தடவன்னு கெஞ்சுறாரு" என்றாள். "வெள்ளிக்கிழமை வாங்க. எனக்கும் அன்னிக்குத்தான் கடைசி வகுப்பு. நின்னுக்கறேன்னு அவருகிட்ட சொல்லிட்டு ரெண்டு பேருமா வந்துடலாம்."

வேறு எதற்காகவும் நான் போயிருக்க மாட்டேன். அவள் நின்றுவிடுவதாகச் சொல்லும் அந்த நிமிடம் நான் பக்கத்தில் இருந்தால், எப்படியாவது ஒரு வார்த்தை வாயில் வந்துவிடும் என்று நம்பினேன். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, சந்தைக்குக் கொண்டுபோகும் துண்டையே துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு போனேன். எவ்வளவு துவைத்தும் அதில் ஆட்டு வாசனை போகவில்லை.

வகுப்பில் பெரும்பாலும் ஆண்கள். ஃபாக்டரி வேலையும் ஆபீஸ் வேலையும் முடித்துக் கையில் டிபன் டப்பாவோடு வந்தவர்கள். முன் பெஞ்சில் என் மனைவியும் இன்னும் இரண்டு பெண்களும். கரும்பலகையில் லெக்சரர் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டிருந்தார். விரித்த கத்தரிக்கோல் மாதிரி நடுவில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போயிற்று. எனக்காக அவர் கன்னடம் கலந்து, தெரிந்த தமிழில் பேசினார்.

"நோடி, பாருங்க, இந்தக் கோடு வாங்குறவரு. வெல ஏறினா கம்மியா வாங்குறாரு. இந்தக் கோடு விக்கிறவரு. வெல ஏறினா ஜாஸ்தி கொண்டு வராரு. ரெண்டும் சேர்ற எடம், அதுதான் மார்க்கெட் வெல. சரிதானா தரகரே?"

எதைச் சொல்லியிருந்தாலும் தலையை ஆட்டியிருப்பேன். ஆட்டினேன்.

"நாச்கோபேடி, வெக்கப்படாதீங்க. துண்டு மட்டும் வேண்டாம். எல்லாரும் பாக்கணும் இல்லவா?"

துண்டு இல்லாமல் எப்படிப் பிடிப்பது? நடுத்தெருவில் நின்று குளிக்கச் சொன்னது போல் இருந்தது எனக்கு. துண்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவரே சரி என்றார். விற்பவராக நடிக்க ஒரு கணக்குக் கிளார்க்கைக் கூப்பிட்டார். இளவயதுக்காரர், நல்ல மனிதர். மோதிரம் போட்ட மெத்தென்ற கை. துண்டைப் போட்டு மூன்று விரலைப் பிடித்தேன். அவருக்குக் கூச்சம் தாங்கவில்லை. நெளிந்துகொண்டே, "மூணு சார், மூணு விரல புடிக்கறாரு" என்று கத்திவிட்டார்.

வாய்விட்டுச் சொன்ன பிறகு அங்கே என்ன வேலை? பழக்கதோஷம். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நான் வாசலைப் பார்த்து நடந்தேன்.

"அரே, எல்லிகே ஹோக்தீரா? எங்க போறீங்க?" என்றார் லெக்சரர்.

"சார், விலைய வாய்விட்டு சொல்லிட்டாரு, பேச்சு முறிஞ்சுபோச்சு. இனிமே அவரு ஆட்ட இவரு வாங்க மாட்டாரு" என்று முன் பெஞ்சிலிருந்து என் மனைவி சொன்னாள். அவள் குரலில் சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பை நான் கேட்டுப் பல நாளாகியிருந்தது. வாசல்படியில் நின்றுவிட்டேன்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. வேறு யார் வருகிறீர்கள் என்று கேட்டார் லெக்சரர். கிளார்க் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு யாரும் எழவில்லை. அப்போது இவள் எழுந்தாள்.

"நான் விக்கறேன் சார்."

சந்தையில் எந்தப் பெண்ணும் துண்டுக்கு அடியில் கை வைத்ததில்லை. நாங்கள் இருவரும் தெருவில் நடந்தால்கூட நான் முன்னால், அவள் நான்கடி பின்னால். ஊர் பார்க்க அவள் கையை நான் பிடித்தது கல்யாணத்தன்று மட்டும்தான். அவள் வந்து எதிரில் நின்றாள். என் தோளிலிருந்த துண்டை அவளே எடுத்தாள். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "ஆட்டு விலை இல்லீங்க. எத்தன வருஷம்னு அன்னிக்குக் கேட்டேனே, அதுக்கு பதில் சொல்லுங்க" என்றாள்.

துண்டு விழுந்தது. அவள் விரல் நுனியெல்லாம் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் தூள். முதலில் அவள்தான் பிடித்தாள், என் ஒரு விரலை. இந்த ஒரு வருடம் முடித்துவிட்டு நின்றுகொள்கிறேன் என்கிறாள் என்று புரிந்தது. மாதக்கடைசி என்றவள் ஒரு வருடத்துக்கு வந்ததே பெரிது. ஆனால் நான் தரகன். ஒதுக்கிவிட்டேன். அவள் இரண்டு விரலைப் பிடித்தேன். பி.ஏ. முடிக்க அவ்வளவு வேண்டும். அவள் மறுபடியும் ஒன்றுக்கே வந்தாள். எனக்கு எங்கிருந்தோ ஒரு வேகம் வந்தது. அவள் கை முழுவதையும் பிடித்தேன். ஐந்து.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சந்தையில் அப்படிப் பார்க்கக் கூடாது. நான் கரும்பலகையில் இருந்த கத்தரிக்கோலைப் பார்த்தேன். அவள் கையை இழுத்துக்கொள்ளப் போனாள். விடாமல் மறுபடியும் முழுக்கையையும் பிடித்தேன். பத்து.

அவள் கை என் கைக்குள் அப்படியே இருந்தது. வகுப்பில் யாரோ இருமினார்கள். பிறகு என் உள்ளங்கையில் ஒரு தட்டு விழுந்தது.

"முடிஞ்சுதா?" என்றார் லெக்சரர்.

"முடிஞ்சுது சார்."

"ஏனு ரேட்டு? என்ன வெல தரகரே?"

அந்த அறையில் நான் முதல்முறையாக வாயைத் திறந்தேன். "சொல்ற வழக்கம் இல்லீங்க" என்றேன். பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். லெக்சரரும் சிரித்துவிட்டு, பலகையில் போட்ட கோட்டில் எல்லோருக்கும் எல்லா விலையும் தெரியும் என்று வைத்துக்கொண்டோம், இங்கே இருவருக்கு மட்டும்தான் தெரியும், அதனால் இங்கே ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒரு தனிச்சந்தை என்று விளக்கினார். இங்கிலீஷில் சொன்னார். வரும் வழியில் இவள் எனக்குச் சொன்னாள். கடைசி வகுப்பு என்று அவரிடம் அவள் சொல்லவே இல்லை.

அன்று அவள் நான்கடி பின்னால் நடக்கவில்லை.

"பத்து வருஷமா? புத்தி கித்தி இருக்கா உங்களுக்கு? பி.ஏ.வுக்கு ரெண்டே வருஷம்."

"மிச்சத்துக்கு வேற ஏதாவது படி" என்றேன்.

கொஞ்ச தூரம் போன பிறகு தானாகவே சிரிக்க ஆரம்பித்தாள். "சார் போட்ட ரெண்டு கோடும் தலைகீழா போச்சுங்க. விக்கிறவ கொறச்சு கேக்கறா. வாங்குறவரு ஏத்திகிட்டே போறாரு. இது எந்த ஊரு மார்க்கெட்டு?"

அடுத்த வருடம் பாடம் பெரிதாகிவிட்டது. அதுவரை ஒரு கடை, ஒரு தோசை, ஓர் ஆடு என்று இருந்தது. இப்போது நாடு முழுவதையும் ஒரே குடும்பமாக வைத்துக் கணக்குப் பார்க்கும் பாடம். ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்: "நாட்டு வருமானத்துல உங்க சாம்பார் வராதுங்க."

"ஏன்?"

"வீட்டுல செய்யற வேலைக்கு சம்பளம் இல்ல, அதனால கணக்குல சேக்கறதில்ல. நீங்க எதிர்வீட்டுல போயி சமைச்சு சம்பளம் வாங்கினா நாட்டு வருமானம் ஏறும்."

"அப்ப பூக்காரம்மா வீட்டுக்குப் போவட்டா?"

அவளுக்குப் புரையேறிவிட்டது. நான் சொல்லி ஒருவர் அப்படிச் சிரித்தது அதுதான் முதல்முறை.

இன்னொரு விஷயம் எனக்கு மறக்காது. ஒரு வருடம் மழை பொய்த்தது. தீவனம் இல்லை. ஆடு உயிரோடு இருக்கும்போதே விற்றுவிடுவோம் என்று ஒவ்வொருவரும் ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒவ்வொருவரும் செய்தது புத்திசாலித்தனம்தான். எல்லோரும் சேர்ந்து செய்தபோது சந்தையில் கால் வைக்க இடமில்லை. ஆட்டை ஓட்டி வந்த கயிற்றுக்குக்கூட விலை தேறவில்லை. வந்து இவளிடம் சொன்னேன். சாப்பிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஒருத்தருக்குச் சரியா இருக்கறது எல்லாருக்கும் சேத்தா சரியா வராதுன்னு புத்தகத்துல இருக்கு. நான் படிச்சேனே தவிர நம்பல" என்றாள். எனக்கு அந்த வாரம் தரகே இல்லை. இருந்தாலும் அன்று மனதுக்கு நன்றாக இருந்தது.

குழாயடியில் நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். அவள் பி.ஏ. தேறியபோது பூக்கார அம்மாள் ஒரு முழம் மல்லிகையைக் குடத்தின் கழுத்தில் சுற்றி அனுப்பினார். கேலி நிற்கவில்லை. நடுநடுவே கேள்வியும் சேர்ந்துகொண்டது. அரிசி ஏன் ஏறுகிறது, அம்மாவைக் கேட்டுக்கொண்டு வா என்பார்கள். நான் கேள்வியை வீட்டுக்குக் கொண்டுபோய், மறுநாள் பதிலைக் குடத்தோடு கொண்டுவருவேன். பதில் சொல்ல வேண்டுமே, அதனால் பேசவும் வேண்டியிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ரூபாய் மதிப்பைக் குறைத்தார்கள் அல்லவா, அன்று அந்த அம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு ரூபாயை எடுத்துக் காட்டினார்.

"நேத்து இருந்த ரூபாதான நைனா இது? என்கிட்ட கேக்காம யாரு கொறச்சாங்க?"

"வெளிநாட்டுச் சாமான் வாங்கறதுக்கு இனிமே ரூபா ஜாஸ்தி குடுக்கணுமாங்க."

"நான் இன்னா வெளிநாட்டுச் சாமான் வாங்குறேன்?"

"மண்ணெண்ணெய்."

ரூபாயை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டே, "அடப்பாவிங்களா, என் அடுப்பு வரைக்கும் வந்துட்டாங்களா" என்றார்.

இதற்குள் என் மனைவி எம்.ஏ.யும் முடித்துக் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். இப்போதெல்லாம் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுகிறாள். நான்தான் பழக்கத்தில் சாயங்காலமானால் குடத்தை எடுத்துவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை அப்படி எடுத்தபோது வாசலில் வந்து மறித்தாள்.

"பேசினது பத்து வருஷம். அது இன்னியோட முடிஞ்சுது. குடத்த குடுங்க, இனிமே நான் போறேன்."

நான் மறந்தே போயிருந்தேன். அவள் மறக்கவில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டு, கொடியில் கிடந்த துண்டை எடுத்தேன். அவள் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். அடுப்பில் தோசை இருந்தது. பேச்சு முடிவதற்குள் அது கருகிவிட்டது. தெருவிலிருந்து பூக்கார அம்மாள், "நைனா, தண்ணி நிக்கப் போவுது, வரியா இல்லியா" என்று கூப்பிட்டார். குடத்தை எடுத்துக்கொண்டு நான் போனேன்.

பிள்ளைகளே, நீங்கள் கேட்டது காலேஜில் பேசிய விலை. அது பத்து. "வித்த ஆடுதான, சொன்னா என்ன" என்று அவளே அனுமதி கொடுத்த பிறகுதான் எழுதியிருக்கிறேன். போன வெள்ளிக்கிழமை பேசியதைக் கேட்காதீர்கள். அதைச் சொல்ற வழக்கம் இல்லை.

நீலசந்திரா, பெங்களூர்.
1968 ஆகஸ்டு 4, ஞாயிற்றுக்கிழமை.